எம்.பி.யைக் கவனிக்க எந்த வழி? எண்ணிக்கையா, கேள்வித்தாளா, நிதிக் கணக்கா

தேர்தல் நெருங்க நெருங்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பிக்கும். ஒரு பக்கம் எம்.பி.யின் முகம், மறுபக்கம் வருகை இத்தனை சதவீதம், கேட்ட கேள்விகள் இத்தனை, பங்கேற்ற விவாதங்கள் இத்தனை. ஆதரவாளர் அனுப்பினால் எண்கள் பச்சையில் இருக்கும், எதிர்த்தரப்பு அனுப்பினால் சிவப்பில். இரண்டு படங்களிலும் எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பதுதான் வேடிக்கை.

தன் தொகுதி மக்களவை உறுப்பினரை ஐந்து வருஷமும் கவனிக்க நினைப்பவருக்கு இன்று கைவசம் பல வழிகள் உண்டு. பிஆர்எஸ் (PRS) என்ற ஆய்வு அமைப்பின் எம்.பி. டிராக் பக்கம், நாடாளுமன்றத்தின் சொந்த இணையதளம், தொகுதி மேம்பாட்டு நிதிக் கணக்கு, வேட்பாளர் பிரமாணப் பத்திரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் மைநேதா, கடைசியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். முதல் நான்கும் இலவசம், ஐந்தாவதற்குப் பத்து ரூபாய். செலவாகப்போவது நேரம் மட்டுமே. மாதத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொண்டால், அதை எதற்குக் கொடுப்பது? என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் அவையில் கேட்ட கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் முழுசாகப் படிப்பதற்குத்தான்.

பிஆர்எஸ்ஸிலிருந்து தொடங்குவோம், எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். 2005-ல் டெல்லியில் ஆரம்பிக்கப்பட்ட சட்டமியற்றல் ஆய்வு அமைப்பு அது. எம்.பி.யின் பெயரைத் தட்டினால் நான்கு எண்கள் வரும்: வருகை, விவாதம், கேள்வி, தனிநபர் மசோதா. பக்கத்திலேயே தேசிய சராசரியும் மாநில சராசரியும் இருக்கும். ஐந்து நிமிஷ வேலை. தகவல் நாடாளுமன்றப் பதிவுகளிலிருந்தே எடுக்கப்படுவதால் நம்பகத்தன்மையில் குறை சொல்ல முடியாது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு நாம் என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதில்தான் சிக்கல்.

நான்கில் மிகப் பலவீனமானது வருகை. ஊரில் அதிகம் பேசப்படுவதும் அதுவே. கையெழுத்துப் போட்டால்தான் தினப்படி உண்டு. 2025 மார்ச்சில் வந்த அறிவிப்பின்படி அது நாளொன்றுக்கு 2,500 ரூபாய். அந்தக் கையெழுத்து, உறுப்பினர் அன்று அவைக்கு வந்தார் என்று மட்டும் சொல்லும். எத்தனை நேரம் உட்கார்ந்தார், எதைக் கவனித்தார் என்று சொல்லாது. 17-ஆவது மக்களவையின் சராசரி வருகை 79 சதவீதம். அதே மக்களவை கூடியது மொத்தம் 274 நாள்தான். முழுப் பதவிக்காலம் இருந்த மக்களவைகளில் இதுவே மிகக் குறைவு. கூடாத அவைக்கு எந்த உறுப்பினரும் வர முடியாது, அந்தக் குறை யாருடைய ரிப்போர்ட் கார்டிலும் ஏறாது. அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டியதே இல்லை. ஆகவே அவர்கள் பெயரைத் தேடி, எண்ணே இல்லாததைப் பார்த்து 'அவைக்கே போகவில்லை' என்று பதிவு போடுகிறவர்களும் உண்டு.

2023 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். மக்களவைக்குள் இருவர் புகைக் குப்பியோடு குதித்த சம்பவத்துக்கு உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அமளி, இடைநீக்கம், மறுபடியும் அமளி என்று போய், அந்தக் கூட்டத்தொடர் முடிவதற்குள் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் பலரும் அதில் அடக்கம். இடைநீக்கம் ஆனவர் அவைக்குள் நுழைய முடியாது, அவர் கொடுத்திருந்த கேள்விகளும் பட்டியலிலிருந்து தூக்கப்பட்டன. ஆக அவருடைய வருகையும் குறைகிறது, கேள்விக் கணக்கும் குறைகிறது. அவர் சோம்பேறியா, சண்டைக்காரரா, மிரட்டலுக்குப் பணியாதவரா என்பதை எண் சொல்லாது. டிசம்பர் 14 அன்று வந்த முதல் பட்டியலில் அப்போதைய சேலம் எம்.பி. எஸ்.ஆர்.பார்த்திபன் பெயரும் இருந்தது. அவர் அன்று அவையிலேயே இல்லை! ஆள் மாறிவிட்டது என்று சொல்லிப் பிறகு பெயரை எடுத்தார்கள். வராத நாளில் அமளி செய்ததாக இடைநீக்கம் ஆன ஒருவரை எந்த வருகைப் பதிவேட்டில் எழுதுவது?

தனிநபர் மசோதா எண்ணும் கொஞ்சம் ஏமாற்றும். அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாக்களில் 1952 முதல் சட்டமானவை 14 மட்டுமே. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-ல். ஆகவே 'பத்து மசோதா தாக்கல் செய்தார்' என்பது பத்து முறை எழுந்து நின்று அறிமுகம் செய்தார் என்ற அளவில்தான் இருக்கிறது. ஆனால் இங்கேயும் ஒரு திருச்சி சிவா வருகிறார். அவர் கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது, ஏறக்குறைய 45 ஆண்டுகளில் அந்த அவையில் நிறைவேறிய முதல் தனிநபர் மசோதா அது. மக்களவையில் நிறைவேறவில்லை. ஆனால் அரசு தன் சொந்த மசோதாவோடு வர வேண்டியதாயிற்று, அது 2019-ல் சட்டமானது. கணக்கில் இது ஒன்று. யாரோ ஒருவர் தாக்கல் செய்து மறந்த மசோதாவும் கணக்கில் ஒன்று.

எண்ணுக்குப் பரிசு என்று ஆகிவிட்டால் எண்ணை ஏற்றுவதும் எளிது. பிரிட்டனில் 'தே வொர்க் ஃபார் யூ' தளம் இதே மாதிரி பேச்சு எண்ணிக்கையைத் தரவரிசையாகப் போட்டது. உறுப்பினர்கள் ஓரிரு வாக்கியம் குறுக்கிட்டுக் கணக்கை ஏற்றுகிறார்கள் என்ற புகார் எழுந்த பிறகு அந்தத் தளம் தரவரிசையைப் பின்னுக்குத் தள்ளியது. நம்மிடம் சன்சத் ரத்னா விருது இருக்கிறது. போஸ்டரில் பார்க்கும் பலர் அது மத்திய அரசு விருது என்று நினைக்கிறார்கள். சென்னையில் இருக்கும் பிரைம் பாயிண்ட் ஃபவுண்டேஷன் என்ற தனியார் அமைப்பு 2010-ல் தொடங்கிய விருது அது, தேர்வும் பெரும்பாலும் இதே எண்களை வைத்துத்தான். கொடுப்பதில் தவறில்லை. வாங்கியவர் நல்ல எம்.பி. என்பதற்கு அது மட்டுமே சாட்சி ஆகாது.

சரி, கேள்விக்கு வருவோம்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமில்லாக் கேள்விகளும் பட்டியலாகும். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வியும் கேட்கலாம். மற்றதற்கு எழுத்தில் பதில் வரும். குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும், எந்தக் கேள்வி பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். ஆகவே உங்கள் எம்.பி.க்கு நட்சத்திரக் கேள்வி குறைவாக இருந்தால் அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு.

நாடாளுமன்றத் தளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டால் கேள்விப் பட்டியல் வரும், ஒவ்வொன்றும் ஒரு பிடிஎஃப். மேலே அமைச்சகத்தின் பெயர், கேள்வி எண், பதில் தந்த தேதி, கேட்டவர் பெயர். அதற்குக் கீழே (அ), (ஆ), (இ) என்று பிரித்த கேள்வி: இப்படி ஒரு திட்டம் உண்டா, உண்டென்றால் விவரம் என்ன, இல்லையென்றால் காரணம் என்ன. அதைத் தொடர்ந்து பதில். சில நேரம் நான்கு பக்க அட்டவணையோடு மாவட்ட வாரியாக அள்ளிக் கொடுத்திருப்பார்கள். சில நேரம் '(அ) இல்லை. (ஆ) முதல் (ஈ) வரை: கேள்வி எழவில்லை' என்று ஒரே வரியில் கதவை அடைத்திருப்பார்கள்.

படிக்கும்போது மூன்று விஷயத்தைப் பாருங்கள். முதலாவது, கேட்டவர் பெயர் எத்தனை. ஒரே மாதிரியான கேள்விகளை அவைச் செயலகம் ஒன்றாகச் சேர்த்துவிடும், அதனால் ஒரே தாளில் ஐந்தாறு பெயர்கள் இருக்கும். வார்த்தைக்கு வார்த்தை ஒரே கேள்வியை ஒரே கட்சியின் நான்கைந்து பேர் அனுப்பினால் குலுக்கலில் விழும் வாய்ப்பு கூடுகிறது, எல்லோருடைய கணக்கிலும் ஒன்று ஏறுகிறது. தவறென்று சொல்ல மாட்டேன், ஆனால் அது உங்கள் எம்.பி. உட்கார்ந்து யோசித்த கேள்வியா என்று தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, கேள்வி எங்கே குறிவைக்கிறது. 'நாட்டில் சிறுதொழில்களை மேம்படுத்த அரசு எடுத்த நடவடிக்கைகள் என்ன' என்று கேட்டால் அமைச்சகம் தன் திட்டப் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கும், அவ்வளவுதான். 'இந்த ரயில்வே மேம்பாலத்துக்கு எந்த ஆண்டில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, நிலம் கையகப்படுத்துவதில் என்ன பாக்கி' என்று கேட்டால் தப்பிக்க வழி குறைவு. நல்ல கேள்வியின் அடையாளம், பதிலில் ஒரு தேதியோ தொகையோ வந்தே தீர வேண்டும் என்பதுதான். ஒருவர் ஐந்து வருஷத்தில் முந்நூறு பொதுக் கேள்வி கேட்டிருக்கலாம், இன்னொருவர் அறுபதே கேட்டு, அதில் ஒரே மேம்பாலத்தைப் பற்றி வருஷாவருஷம் கேட்டிருக்கலாம். எனக்கு இரண்டாமவரைப் பிடிக்கும்.

மூன்றாவதுதான் பலர் தவறவிடுவது: பதிலில் இருக்கும் வாக்குறுதி. 'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்' என்று அமைச்சர் சொன்னால் அது சும்மா போகிற வார்த்தை இல்லை. அரசு உறுதிமொழிகளுக்கான குழு என்று ஒன்று நாடாளுமன்றத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட பதில்களை அது உறுதிமொழியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. தாமதமானால் கால நீட்டிப்பு கேட்க வேண்டும். உங்கள் எம்.பி. கேட்ட கேள்விக்கு இப்படி ஒரு பதில் வந்திருந்தால், அடுத்த கூட்டத்தொடரில் அவர் அதை மறுபடி பிடித்தாரா என்று பாருங்கள். வருகை சதவீதம் தராத தகவல் அதில் கிடைக்கும்.

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும், தமிழில் கிடையாது. அவையில் தமிழில் பேச அனுமதி உண்டு, மொழிபெயர்ப்பு வசதியும் உண்டு, ஆனால் அதன் பலன் பேச்சோடு நின்றுவிடுகிறது. இதில் இலங்கைத் தமிழர்கள் கொடுத்துவைத்தவர்கள். 225 உறுப்பினர்களின் அவைப் பணியை ஹன்சார்ட் எனும் அவை உரைப் பதிவிலிருந்து தொகுக்கும் மந்திரி.எல்கே தமிழிலும் இருக்கிறது. நம் ஊரில் ஆங்கிலம் படிக்கிற ஒருவர் குழுவில் இருந்தால்தான் வேலை நடக்கும். இன்னொன்று, கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக ரகசியக் கேமராவில் சிக்கிய 11 எம்.பி.க்களை 2005 டிசம்பரில் நாடாளுமன்றம் பதவி நீக்கியது. கேள்வியால் யாருக்கு லாபம் என்பதையும் ஒரு கண் பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்விகளை எவ்வளவு படித்தாலும் தெரியாத ஒன்று, மசோதாக்கள் மீது அவர் எப்படி வாக்களித்தார் என்பது. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன, 'ஆம்' என்ற சத்தத்தில் பெயர் ஏது? 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் இரண்டு வேளாண் மசோதாக்கள் அப்படித்தான் நிறைவேறின. எதிர்க்கட்சிகள் பெயர்வாரி வாக்கெடுப்பு கேட்டும் நடக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று நிறைவேறியபோது வாக்குகள் பதிவாயின. அதிமுக உறுப்பினர்கள் ஆதரித்தது அதனால்தான் இன்றுவரை மேடைகளில் பேசப்படுகிறது. பதிவானாலும் தனி எம்.பி.யைப் பற்றி அதிலிருந்து பெரிதாகத் தெரியாது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். அந்த வாக்குக்கு விளக்கம் கேட்க வேண்டுமென்றால் கட்சித் தலைமையிடம்தான் கேட்க வேண்டும்.

நிலைக்குழுப் பணியும் பிஆர்எஸ் எண்ணிக்கைக்குள் வராது. துறைவாரியாக 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் 31 பேர். உண்மையான சட்ட அலசல் நடக்கும் இடம் அதுதான். கதவை மூடிக்கொண்டு நடப்பதால் யார் என்ன பேசினார் என்று தெரியாது. ஆனால் அறிக்கைகளின் பின்னிணைப்பில் கூட்டக் குறிப்பு இருக்கும், அன்று வந்திருந்தவர்களின் பெயரோடு. பொறுமை உள்ளவர்கள் அதைப் புரட்டலாம். 15-ஆவது மக்களவைக் காலத்தில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின, 17-ஆவதில் 16 சதவீதம். வேலையே போகாத குழுவில் உறுப்பினரை எதை வைத்து அளப்பது என்பது வேறு கேள்வி.

அடுத்து பணம். தொகுதி மேம்பாட்டு நிதி 1993-ல் வந்தது, இப்போது எம்.பி. ஒருவருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். பணம் அவர் கைக்கு வராது. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் ஒப்புதல் கொடுத்து வேலையை நடத்தும். 2023 ஏப்ரல் முதல் இ-சாக்ஷி என்ற தளம் வழியாகப் பரிந்துரை, ஒப்புதல், செலவு எல்லாம் பதிவாகின்றன. ஊர்க்காரருக்கு எளிதில் புரிவது இதுதான், ஏனென்றால் நேரில் போய்ப் பார்க்கலாம். அங்கன்வாடிக் கட்டடம் நிற்கிறதா, பேருந்து நிறுத்த நிழற்குடைக்குக் கூரை இருக்கிறதா, ஹைமாஸ் விளக்கு எரிகிறதா.

ஆனால் 'நிதியை முழுசாகச் செலவு செய்தார்' என்பதை வைத்தும் அவசரப்பட்டு மதிப்பெண் போடாதீர்கள். பரிந்துரை சீக்கிரம் போயும் ஒப்புதல் மாவட்ட அலுவலகத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் பழி எம்.பி. தலையில் விழும். கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், திட்டத்தையே நிறுத்தி வைத்தார்கள், 2021 நவம்பரில்தான் மறுபடி தொடங்கினார்கள். அந்த வருஷங்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பார்க்க வேண்டியது பரவல்: பணம் எந்த ஒன்றியத்துக்குப் போனது, எந்தச் சட்டமன்றத் தொகுதிக்குப் போகவே இல்லை, பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கு ஒதுக்க வேண்டிய 15 சதவீதம் போனதா. ஆறு சட்டமன்றத் தொகுதிகள் கொண்ட ஒரு மக்களவைத் தொகுதியில் இரண்டு மட்டுமே செழிப்பாக இருந்தால் காரணத்தை உள்ளூர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மைநேதாவை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஏடிஆர் (ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம்) அமைப்பு நடத்தும் தளம் இது. அந்த அமைப்பின் வழக்கில்தான் 2002-ல் உச்ச நீதிமன்றம் வேட்பாளரின் சொத்து, குற்ற வழக்கு விவரங்களை வாக்காளர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றது. 2024-ல் வென்ற 543 பேரில் 251 பேர் தங்கள் மீது வழக்கு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஏடிஆர் கணக்கிட்டது. வழக்கு எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் பிரிவைப் படியுங்கள். சாலை மறியலுக்கு ஏழு வழக்கு வாங்கியவரையும் கொலை முயற்சிக்கு ஒரு வழக்கு வாங்கியவரையும் 'வழக்கு உள்ளவர்' என்ற ஒரே பெட்டியில் போடுவது நியாயமில்லை. மறுபடி போட்டியிட்டவர் என்றால் இரண்டு தேர்தல்களின் சொத்துக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதைத் தவிர, பதவியில் இருக்கும்போது அவர் செய்த வேலையைப் பற்றி இந்தத் தளம் எதுவும் சொல்லாது, அது அதன் வேலையும் இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது முதல் கருவி இல்லை. இணையத்தில் கிடைப்பதைக் கேட்டு மனுப் போட்டால் 'இணையதளத்தைப் பார்க்கவும்' என்று 30 நாள் கழித்துப் பதில் வரும். கிடைக்காததைக் கேளுங்கள். நல்ல இடம் திஷா கமிட்டி, அதாவது மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. எம்.பி.யே அதற்குத் தலைவர், மாவட்ட ஆட்சியர் உறுப்பினர்-செயலர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். ஊரக வேலைத் திட்டத்திலிருந்து வீடு கட்டும் திட்டம் வரை மத்திய அரசு நிதியில் நடப்பதை எல்லாம் அங்கே அதிகாரிகளிடம் நேருக்கு நேர் கேட்கலாம். கடந்த ஆண்டு எத்தனை கூட்டம் நடந்தது, கூட்டக் குறிப்பின் நகல், முந்தைய கூட்ட முடிவுகள் மீது எடுத்த நடவடிக்கை என்று மூன்றே வரியில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதலாம். டெல்லியில் முழங்குகிற சிலர் ஊரில் இந்தக் கூட்டத்தையே கூட்டாமல் விட்டிருப்பதும், அவையில் வாயே திறக்காத சிலர் இங்கே கோப்போடு உட்கார்ந்து அதிகாரிகளைத் திணறடிப்பதும் இந்தக் குறிப்பில்தான் தெரியவரும்.

தனி ஆளாகப் பார்க்கிறீர்கள், ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால், பிஆர்எஸ் பக்கத்தைத் திறந்து எண்களைத் தாண்டிக் கேள்விப் பட்டியலுக்குப் போங்கள், உங்கள் ஊர்ப் பெயரோ தொழிலின் பெயரோ உள்ள கேள்விகளை மட்டும் படியுங்கள். நாலைந்து பேர் கொண்ட குழு என்றால் ஒருவர் கேள்விகளையும் ஒருவர் நிதிக் கணக்கையும் எடுத்துக்கொள்ளலாம், வண்டி வைத்திருப்பவர் வேலை நடந்த இடங்களைப் பார்த்து வரலாம். பத்திரிகையாளரோ, வழக்கறிஞரோ குழுவில் இருந்தால் திஷா குறிப்பையும் நிலைக்குழு பின்னிணைப்பையும் அவரிடம் தள்ளிவிடுங்கள். வருகை சதவீதத்தை யாரும் பார்க்க வேண்டாம், அது எப்படியும் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். உங்கள் ஊர்ப் பிரச்சினையைப் பற்றிக் கேள்வியே இல்லை என்றால், கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பாகவே கேள்வியை நீங்களே (அ), (ஆ), (இ) என்று பிரித்து எழுதி எம்.பி. அலுவலகத்தில் கொடுங்கள். நோட்டீஸுக்கு 15 நாள் வேண்டும், அதை டைப் செய்து அனுப்பும் உதவியாளருக்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.